வாங்கிய வீரனும் வளர்த்த வீரனும்

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியப் பொருளொன்றையே எடுத்தாளுவோம் என அன்பர்கள் எதிர்பார்த்திருப்பர். யாமோ ஒரு பந்தாட்டத்தைப் பற்றி எழுதத் துணிந்துள்ளோம். அதனைக் கண்டு எவரும் முகஞ் சுளிக்க வேண்டா. ஆட்டத்தின் நுட்பங்களை விரித்தல் எம் நோக்கமன்று. அவற்றை விரிக்குந் தகுதியும் எமக்கில்லை. அவ்வாட்டத்தை விரும்புவோர் தம்முள் ஓயாது நிகழ்த்தும் ஒரு வழக்கே எம் கருத்தை ஈர்த்தது. வல்ல வீரனைப் பிற கழகத்திலிருந்து விலை கொடுத்து வாங்குவதா, தம் ஊர் இளைஞனை வளர்த்தெடுப்பதா என்பதே அவ்வழக்கு. பிள்ளைகளை வளர்க்குந் தொழிலில் இருப்போர் இதனைக் காதிற் போட்டுக்கொள்ளாதிருத்தல் அரிது.

2025 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், எமது கல்லூரியின் பழைய மாணவரும் வயதில் எமக்கு மூத்தவருமாகிய அன்பரொருவரின் இல்லத்திற் சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. அவ்வில்லம் சிட்னி மாநகரின் மேற்கே வென்ற்வேத்வில் என்னும் இடத்திலுள்ளது. எம்மவர் பலர் குடியேறி வாழும் பகுதி அது. அதற்கு அண்மையிலுள்ள பெருநகர் பரமட்டா. அந்நிலத்தின் பழங்குடி மக்களாகிய டாறுக் இனத்தாரின் மொழியில் அப்பெயர் விலாங்கு மீன்கள் வாழுமிடத்தைக் குறிக்கும் என்பர். அந்நகரின் றக்பி லீக் கழகமும் விலாங்கு மீனையே தன் பெயராகக் கொண்டுள்ளது. நீலமும் பொன்னும் அதன் நிறங்கள். அன்பரின் மகன் அக்கழகத்தின் மீது வைத்திருக்கும் பற்று, இங்கே கோயில் திருவிழாவில் தேர் வடம் பிடிக்கும் இளைஞரின் பற்றுக்குச் சற்றுங் குறைந்ததன்று.

கண்டியிலும் கொழும்பிலும் ஆடப்படும் றக்பி, பக்கத்துக்கு 15 பேர் ஆடுவது. றக்பி லீக் என்பது அதனின்றும் பிரிந்த ஆட்டம். பக்கத்துக்கு 13 பேர். பந்தை வைத்திருப்போர் ஆறு முறை மடக்கிப் பிடிக்கப்படுவதற்குள் முன்னேறுதல் வேண்டும்; இன்றேல் பந்து எதிரணிக்குப் போகும். இங்கிலாந்தின் வட பகுதியிலும் அவுஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலும் இது மக்களின் ஆட்டமாக வேரூன்றியிருக்கின்றது.

ஒரு சனிக்கிழமை மாலை, அன்பரின் வீட்டு முற்றத்தில் அயலவர் சிலர் கூடியிருந்தனர். பேருந்துச் சாரதியாயிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்கார முதியவர் ஒருவர், லெபனான் வழிவந்த இளங் குடும்பத்தர் ஒருவர், அன்பரின் மகன், அவன் நண்பர் இருவர். அனைவரும் பரமட்டாக் கழகத்தின் அடியார்களே. எனினும் ஒருவர் சொல் மற்றவர்க்கு ஏறவில்லை.

முதியவர் சொன்னார்: “எங்கள் கழகம் கடைசியாகப் பட்டம் வென்றது 1986 இல். இன்னும் எத்தனை காலம் பிள்ளைகள் வளரட்டும் என்று காத்திருப்பது? பணத்தை எடுங்கள், முன்வரிசைக்கு இரு பெரு வீரரை வாங்குங்கள்.” குடும்பத்தர் அதனை மறுத்தார். மேற்குச் சிட்னியின் தெருக்களிலேயே இத்தனை சிறுவர் ஓடியாடுகையில், வெளியே தேடுவது வெட்கக்கேடு என்பது அவர் கட்சி. அன்பரின் மகனோ, இளையோர் அணியில் ஆடும் பதினெட்டு வயதுப் பையனொருவனின் பெயரைச் சொல்லி, அவனை அடுத்த கிழமையே முதல் அணியில் இறக்க வேண்டும் என்றான். “அவன் எடை போதாது, முதல் மோதலிலேயே முறிந்து விடுவான்” என்றான் நண்பன். கால், தோள், எடை, ஓட்டம் என அப்பையன் உறுப்பு உறுப்பாக அளக்கப்பட்டான். மாட்டுச் சந்தையிற் பல்லைப் பிடித்துப் பார்க்கும் தரகரே எம் நினைவுக்கு வந்தனர்.

அன்பர் எம் பக்கந் திரும்பி, “தம்பி, நீர் பிள்ளைகளோடு பழகுகிறவர், நீர் சொல்லும்” என்றார். அன்று யாம் சிரித்து ஒதுங்கிவிட்டோம். அன்று சொல்லாததையே இன்று எழுதுகின்றோம்.

முதற்கண் ஒன்று கூறல் வேண்டும். பணத்திற்காக ஆடுவதும், பணத்திற்காகக் கழகம் மாறுவதும் இழிவு என்பார் உளர். இவ்வாட்டத்தின் வரலாறு அதற்கு மாறானது. 1895 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29 ஆம் நாள், இங்கிலாந்தின் ஹடேர்ஸ்பீல்ட் நகர விடுதியொன்றில் வடபுலக் கழகத்தார் கூடிப் பழைய சங்கத்தினின்றும் பிரிந்தனர். பிரிவுக்குக் காரணம் கூலி. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தோர், ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அந்நேரக் கூலியை இழந்தனர். அவ்விழப்பை ஈடு செய்யலாம் என்றனர் வடபுலத்தார். கூடாது என்றது பழைய சங்கம். ஆகவே, உழைப்பாளிக்கு அவன் உழைப்பின் விலை சேர வேண்டும் என்னும் நியாயத்திலேயே இவ்வாட்டம் பிறந்தது. இதில் ஆடும் ஒருவன் கூடிய ஊதியத்தை நாடினான் என்று பழித்தல், வேரை வெட்டிவிட்டுக் கனியை வேண்டுவது போலாம்.

வீரனை வாங்குவதும் தன்னளவிற் குற்றமன்று. விகன் கழகம் 1992 ஆம் ஆண்டு சனவரியில் விட்னெஸ் கழகத்தினின்றும் மார்ட்டின் ஒஃபையா என்பாரை 440,000 பவுண் கொடுத்துப் பெற்றது. அக்கால றக்பி லீக்கில் அதற்கு மேற்பட்ட விலை எங்கும் கொடுக்கப்பட்டதில்லை. அவர் அக்கழகத்துக்குப் பெரும் பயன் தந்தார். இடைவெளியறிந்து, தக்கானைத் தெரிந்து, தக்க இடத்தில் அமர்த்தும் அறிவும் ஓர் அறிவே. ஒருவனைத் தெரிந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தெளிந்தவனை வினையில் ஆளுதற்கு வேறோர் அதிகாரமும் வள்ளுவனார் வகுத்தமை எம் மாணாக்கர் அறிவர். தெளிதல் வேறு, ஆளுதல் வேறு. கழகங்கள் பல முன்னதற்குப் பெரும் பணஞ் செலவிட்டுப் பின்னதை மறந்து விடுகின்றன.

ஆயினும் வாங்குதலுக்கு ஓர் எல்லை உண்டு. அவுஸ்திரேலியத் தேசிய லீக்கில் ஒவ்வொரு கழகமும் தன் வீரர்க்குக் கொடுக்கும் மொத்த ஊதியத்துக்கு உச்ச வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. பணம் படைத்த கழகமொன்றே எல்லாரையும் அள்ளிச் செல்லாதிருத்தற்பொருட்டு. இவ்வரம்பை மறைவாகக் கடந்த மெல்பேண் கழகத்திடமிருந்து, அது 2007 இலும் 2009 இலும் பெற்ற பட்டங்கள் 2010 இற் பறிக்கப்பட்டன. பரமட்டாவும் இதே குற்றத்துக்காக 2016 இல் 12 புள்ளிகளை இழந்தது. அனைவரையும் வைத்திருக்க வேண்டும் என்னும் ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இவையிரண்டும் போதும்.

இனி, வளர்ப்போர் பக்கத்தை நோக்குவோம். பரமட்டாவுக்கு மேற்கே, நீல மலைகளின் அடிவாரத்தில், நேப்பியன் ஆற்றங்கரையில் பென்றித் என்னும் நகர் உள்ளது. அதன் கழகம் சிறுவர் அணிகளிலும் பயிற்சிக் கூடத்திலும் ஆண்டுக்கணக்கில் உழைப்பையும் பொருளையும் இட்டது. பயன் உடனே கிட்டவில்லை. 2020 இல் இறுதிப் போட்டிக்கு வந்து மெல்பேணிடம் தோற்றது. பின்னர் 2021, 2022, 2023, 2024 என நான்கு ஆண்டும் தொடர்ந்து பட்டம் வென்றது. 1956 முதல் 1966 வரை பதினொரு பட்டங்களைத் தொடர்ந்து வென்ற சென் ஜோர்ஜ் கழகத்துக்குப் பின்னர் வேறெவரும் நான்கைத் தொட்டதில்லை. 2022 இல் முதல் அணி மட்டுமன்றி, அதன் கீழுள்ள இரண்டாந்தர அணியும், 21 வயதுக்குட்பட்டோர் அணியும், அதற்கும் இளையோர் அணியும் தத்தம் பட்டங்களை வென்றன. நாற்று மேடையிலிருந்து கதிர் வரை ஒரே ஆண்டில் விளைந்த வயல் அது. அவ்வாண்டு இறுதிப் போட்டியில் 28–12 என அதனிடம் தோற்றது வேறெவருமல்லர். எம் அன்பரின் பரமட்டாவே.

இதனைக் கேட்டவுடன் வளர்ப்புக் கட்சியார் கைதட்டுவர். பொறுக்க வேண்டும், கதை இன்னும் முடியவில்லை. பட்டங்கள் பெருகப் பெருக அவ்விளைஞரின் விலையும் பெருகிற்று. ஊதிய வரம்போ எல்லாரையும் வைத்திருக்க இடந்தரவில்லை. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு நெருங்குகையில், அதற்கு முந்திய நவம்பர் 1 ஆம் நாளிலிருந்து பிற கழகங்கள் வீரனோடு பேசலாம் என்பது அங்கே விதி. ஆண்டுதோறும் ஒருவராவது இருவராவது பென்றித்தை விட்டுப் போயினர். 2021 இறுதிப் போட்டியில் எதிரணியின் பந்தை இடைமறித்து ஓடி வெற்றிக்கு வழிகோலிய ஸ்டீபன் கிறைட்டன், 2024 இல் கன்ரபரிக் கழகத்துக்குச் சென்று அதன் தலைவராயினார். 2016 இற்குப் பின் முதன்முறையாக அக்கழகம் அவ்வாண்டே இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது.

ஜரோம் லுவாய் என்பாரின் செயலோ இன்னும் உன்னத்தக்கது. பென்றித்தின் சிறுவர் அணிகளில் வளர்ந்த அவர், 2024 ஆம் ஆண்டு ஆட்டங்கள் தொடங்குமுன்னரே, அடுத்த ஆண்டு வெஸ்ட்ஸ் டைகர்ஸ் கழகத்துக்குப் போவதாக உடன்பட்டுவிட்டார். போகிறவன் தானே என்று அவர் சோம்பவில்லை. போகிறவன் தானே என்று கழகம் அவரை ஒதுக்கவுமில்லை. அவ்வாண்டு பெரும்பகுதி நேதன் கிளியறி காயமுற்றிருக்க, அவ்விடத்தை நிரப்பி அணியை நடத்தியவர் லுவாயே. ஒக்ரோபரில் 14–6 என மெல்பேணை வென்று நான்காவது பட்டத்தைத் தன் கழகத்துக்குத் தேடித் தந்துவிட்டே விடைபெற்றார். அவர் போய்ச் சேர்ந்ததோ 2022, 2023, 2024 மூன்றாண்டும் பட்டியலின் அடியில் நின்ற கழகம். 2025 இற் பென்றித் ஐந்தாவது பட்டத்தைப் பெறவில்லை. இறுதிப் போட்டிக்கு முந்திய ஆட்டத்திற் பிரிஸ்பேனிடம் இரு புள்ளிகளால் தோற்றது. வளர்த்தவன் வெல்வான், வென்றவன் இழப்பான், இழந்தவன் மீண்டும் நாற்று நட வேண்டும். இதுவே வளர்ப்பின் முழுக் கணக்கு.

இக்கணக்கின் பிற்பகுதியை ஏற்க மனமில்லாதவரே ஆதரவாளருட் பலர். 2019 இல் தம் 18 ஆம் வயதிற் பரமட்டாவின் முதல் அணியில் இறங்கிய டிலன் பிறவுண், 2026 முதல் நியூகாசில் கழகத்துக்கு ஆடப் பத்தாண்டு ஒப்பந்தஞ் செய்தார் என்னுஞ் செய்தி 2025 மார்ச் மாதத்தில் வந்தது. அதன் பெறுமதி ஏறத்தாழ 13 மில்லியன் டொலர் எனப் பத்திரிகைகள் எழுதின. நாம் மேலே கண்ட முற்றத்திலும் அப்பேச்சு எழுந்தது. “நன்றி கெட்டவன், இவ்வாண்டு மீதி ஆட்டங்களில் அவனைப் பலகையில் இருத்த வேண்டும்” என்று நண்பரிலொருவன் சீறினான். அச்சொல் எமக்கு உடன்பாடன்று. எவரேனும் ஒருவர்க்குப் பத்தாண்டு வேலையும் அத்துணை ஊதியமும் வருமாயின், போகவேண்டா என்று அவர் தாய் தந்தையர் சொல்வரா? வளர்த்தல் என்பது கடன் கொடுத்தலன்று. வட்டியோடு திரும்பி வரும் என எதிர்பார்த்தற்கு.

இனி, அளக்கப்பட்ட அப்பதினெட்டு வயதுப் பையனிடம் வருவோம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முதுமொழி. உண்மையே, ஆனால் பார்க்கத் தெரிந்தவனுக்கே அது தெரியும். இங்கிலாந்தின் லீட்ஸ் கழகத்தில் றொப் பறோ என்றொருவர் இருந்தார். அவர் உயரம் 5 அடி 5 அங்குலம். பெரு மலைகள் மோதும் ஆட்டத்தில் இவ்வுயரத்தான் எதற்கு என்று எண்ணியோர் பலர். லீட்ஸ் கழகம் அவரை விடவில்லை. 2001 முதல் 2017 வரை ஏறத்தாழ 500 ஆட்டங்கள் ஆடினார். எட்டுப் பட்டங்களிற் பங்கு கொண்டார். 2011 இறுதிப் போட்டியில், எதிரணி வீரரின் கைகளுக்குக் கீழே குனிந்து புகுந்து, தனி ஒருவராக ஓடி அவர் பந்தை ஊன்றிய காட்சியை அந்நாட்டார் இன்றும் பேசுவர். முற்றத்து மல்லிகை மணக்காது என்றிருந்தால் அக்காட்சி எவர்க்கும் வாய்த்திராது.

பறோவும் அணித்தலைவர் கெவின் சின்ஃபீல்டும் அக்கழகத்தின் இளையோர் வரிசையிலிருந்து வந்தவர்கள். 1972 இற்குப் பின் லீட்ஸ் காணாத பட்டத்தை 2004 இல் வென்றது இத்தலைமுறையே. 2015 வரை இருவருஞ் சேர்ந்து ஏழு பட்டங்கள் வென்றனர். 2019 டிசம்பரிற் பறோவை நரம்புகளை ஒடுக்கிக் கைகால்களைச் செயலிழக்கச் செய்யும் கொடு நோய் பற்றிற்று. அடுத்த ஆண்டு சின்ஃபீல்ட் ஏழு நாளில் ஏழு மரதன் ஓடி, இருபது இலட்சம் பவுணுக்கு மேல் திரட்டினார். 2023 மே மாதத்தில் லீட்ஸ் மரதனில் நண்பரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஓட்டம் முழுவதும் தள்ளிச் சென்று, முடிவுக் கோட்டருகே அவரைக் கைகளில் ஏந்திக் கடந்தார். 2024 யூனில் பறோ தம் 41 ஆம் வயதிற் காலமானார். இத்தகைய உறவு ஒன்றாக வளர்ந்தோர்க்கிடையே தான் பிறக்கும் என்று யாம் சாதிக்க வரவில்லை. ஆயினும், எந்த ஒப்பந்தத்திலும் இதற்கு விலை எழுதப்படவில்லை என்பது மட்டும் உறுதி.

இவ்வளவும் வென்றவர் கதை. வளர்க்கிறோம் என்று மார்தட்டும் கழகங்களை யாம் வினவ விரும்புவது வேறொன்று. நூறு சிறுவரைச் சேர்க்கின்றீர். முதல் அணிக்கான பட்டியலில் உள்ள இடங்கள் முப்பது. அவற்றுள்ளும் வெற்றிடமாவன சிலவே. ஏனையோர் எங்கே போவர்? பதினைந்து வயதிலிருந்து ‘நாளைய நட்சத்திரம்’ என்று ஊரார் புகழக் கேட்டு, இருபதில் ‘நீ வேண்டா’ என்னும் ஒரு சொல்லோடு வீதிக்கு வரும் பிள்ளைக்குக் கையில் என்ன தொழில் இருக்கின்றது? 2013 ஆம் ஆண்டிற் சில வார இடைவெளியில் அவுஸ்திரேலியாவில் இளம் வீரர் இருவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டனர். அவர்தம் உள்ளத்திலிருந்தது யாதென்று சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. எனினும், இளையோரைத் தாங்கும் கைகள் போதா என்னும் உணர்வு அவ்வாட்டத்தை நடத்துவோர்க்கு அதன்பின் மிகுந்தது. முற்றத்தில் இருந்து பையனின் எடையைப் பேசும் நாமும் அவன் செவிக்கு எட்டுமளவிலேயே பேசுகின்றோம் என்பதை மறத்தலாகாது.

“கழகம் தருமசாலையன்று, வெல்வதற்காகவே நடத்தப்படுவது” என்று முதியவர் எம்மை மறுப்பார். முப்பத்தொன்பது ஆண்டு காத்திருந்தவர் அவர். அவர் பசியை யாம் எள்ளவில்லை. வெற்றி வேண்டும். வாங்கவும் வேண்டும். ஆனால் வாங்குதல் வேலிக்குக் கம்பு நடுவது. வளர்த்தல் தோட்டத்துக்கு மரம் வைப்பது. கம்பு நட்ட அன்றே நிற்கும். மரம் நிற்கக் காலம் வேண்டும். வேலி மட்டும் வைத்திருப்போனைத் தோட்டக்காரன் என எவரும் சொல்லார். ஆதலின் எம் முடிபு இது: வளர்ப்பதே கழகத்தின் முதற் கடன், அக்கடனில் மூன்று கூறுகள் உள. அளவு கண்டு அஞ்சாது பொறுத்திருத்தல் ஒன்று. தேறாதவனையும் வெறுங்கையோடு அனுப்பாமை இரண்டு. தேறியவன் போகும் நாளில் வாழ்த்தி அனுப்புதல் மூன்று. மூன்றாவதே மிக அரிது.

அரிது என்பதை யாம் எம்மிடத்தே கண்டறிந்தோம். கலாசாலையிற் பயிற்சிச் சான்றிதழ் பெற்று வெளிவந்த யாம் முதலிற் கற்பித்தது ஒரு சிறு கிராமப் பாடசாலையில். எழுத்துக் கூட்டத் தெரியாது வந்த சிறுவனொருவன் எம்மிடம் வளர்ந்து, தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப் புள்ளியைத் தாண்டினான். அடுத்த சனவரியில் நகரத்துப் பெரிய கல்லூரியொன்றுக்குப் போய்விட்டான். அவன் தந்தை விடைபெற வந்தபோது யாம் முகங் கொடுத்துப் பேசவில்லை. ‘நன்றி கெட்டவர்’ என்று எம் மனம் சொல்லிற்று. முற்றத்திற் சீறிய இளைஞனின் குரலை வென்ற்வேத்வில்லிற் கேட்டபோது, அது எம் பழைய குரலாகவே இருந்தது.

இன்று யாம் அத்தகைய பெரிய கல்லூரியொன்றிலேயே கற்பிக்கின்றோம். கிராமத்துப் பாடசாலைகள் வளர்த்த பிள்ளைகள் இங்கே வருகின்றனர். உயர்தரத்தில் மூன்று ‘ஏ’ எடுத்ததும் அவர்தம் படங்களை வாயிலிற் பதாகையாகக் கட்டி, எம் பிள்ளைகள் என்கின்றோம். அப்பதாகையில் அவர்களுக்கு அரிச்சுவடி கற்பித்த பாடசாலையின் பெயர் இல்லை. துடுப்பாட்டத்தில் வல்ல சிறுவனை அயற் பாடசாலையிலிருந்து அழைத்து வருமாறு எமக்கு ஆலோசனை சொல்லும் பழைய மாணவரும் உளர். வருவோரை வரவேற்போம், அதிற் பிழையில்லை. வளர்த்தவர் பெயரையும் எழுதுவோம். எம்மிடமே முதலாம் வகுப்பிலிருந்து படித்து, எந்தப் பதாகையிலும் ஏறாது, இன்று கடை நடத்தியும் கமஞ் செய்தும் வாழும் பிள்ளைகளையும் இவ்விழாவுக்கு அழைப்போம்.

அச்சிறுவன் இப்போது பொறியியலாளன் என்று கேள்வி. அவன் தந்தையைக் கண்டால் அன்று சொல்லாத வாழ்த்தைச் சொல்வோம்.